கேனில் இருக்கும் எண்ணும் பேரிங்கில் ஓடும் ஆயிலும்

உதிரிபாகக் கடையில் நின்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை இதுதான்: “நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 போடுங்க சார், 0டபிள்யூ-20 எல்லாம் தண்ணி மாதிரி ஓடிரும்.” காரோடு வந்த மேனுவலைத் திறந்தால் அதில் 0டபிள்யூ-20 என்றுதான் இருக்கும். ரேஸ் டிராக்குக்குப் போய்வரும் நண்பரைக் கேட்டால் 10டபிள்யூ-60 என்பார். ஒரே காருக்கு மூன்று பதில். சாதாரண காராக இருந்தால் எதை ஊற்றினாலும் சில ஆண்டுகள் ஓடிவிடும். 7,000, 8,000 ஆர்பிஎம் வரை சுற்றும் இன்ஜினிலோ, சிறிய அளவில் பெரிய சக்தி தரும் டர்போ இன்ஜினிலோ அந்தத் தாராளம் கிடையாது. அங்கே தவறான தேர்வு பேரிங்கில் தெரியும். அது தெரியவரும்போது ஆயிலுக்கான செலவு ஒரு பொருட்டாகவே இருக்காது.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். சென்னையில் வெளியே 40 டிகிரி, பெங்களூரில் 25 டிகிரி. ஆனால் சூடேறிய இன்ஜினுக்குள் ஓடும் கூலன்ட்டை தெர்மோஸ்டாட் 90 டிகிரியை ஒட்டியே பிடித்து வைத்திருக்கிறது. வெளியே 15 டிகிரி கூடினால் ஆயிலில் அதே 15 கூடுவதில்லை. ஆயிலின் வெப்பத்தை உண்மையில் ஏற்றுவது நீங்கள் ஓட்டும் விதம். நகர நெரிசலிலோ நெடுஞ்சாலையிலோ சீராகப் போகும் காரில் ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கும். அதே காரை இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை கரி டிராக்கிலோ ரெட்லைனை, அதாவது இன்ஜின் சுற்றலாம் என்ற உச்ச ஆர்பிஎம்மை, தொட்டுத் தொட்டு பத்துச் சுற்று ஓட்டினால் 120, 130 என்று ஏறும். ஆயில் கூலர் இல்லாத காரில் அதற்கு மேலும் போகும். ஆகவே ‘எந்த ஊர்’ என்ற கேள்வியை விட ‘எப்படி ஓட்டுகிறீர்கள்’ என்ற கேள்விதான் ஆயிலைத் தீர்மானிக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாகுத்தன்மை என்பது ஆயிலுக்கு நிரந்தரமாக ஒட்டிய குணம் இல்லை. தேன் மாதிரிதான்: குளிரில் இறுகும், சூட்டில் இளகும். கேனில் அச்சிட்ட எண், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் எடுத்த ஒரு அளவு மட்டுமே.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 1911-லேயே ஆயில்களை வகைப்படுத்தத் தொடங்கிவிட்டது. இன்று நடப்பில் இருப்பது அதன் ஜே300 என்ற தரநிர்ணயம். 5டபிள்யூ-30 என்பதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கிறது. எடையைக் குறிக்கிறது என்று பலர் நினைப்பது தவறு. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் கடுங்குளிரில் இன்ஜின் சுற்ற முடியுமா என்ற சோதனை: 0டபிள்யூவுக்கு மைனஸ் 35 டிகிரி, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 10டபிள்யூவுக்கு மைனஸ் 25, 15டபிள்யூவுக்கு மைனஸ் 20, 20டபிள்யூவுக்கு மைனஸ் 15. ஊட்டியில் உறைபனி கொட்டும் ஜனவரி இரவுகூட இந்த எண்களுக்குப் பக்கத்தில் வராது. நமக்கு அந்த முதல் எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

பின்னால் உள்ள எண்தான் சூடான ஆயிலுக்கானது. 100 டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மை 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் 20, 9.3 முதல் 12.5 வரை 30, 12.5 முதல் 16.3 வரை 40, 16.3 முதல் 21.9 வரை 50, அதற்கும் மேலே 26.1 வரை 60. இதில் ஒன்றைக் கவனியுங்கள். 9.4 உள்ள ஆயிலும் 12.4 உள்ள ஆயிலும் ஒரே ‘30’தான். 12.4-ம் 12.6-ம் கிட்டத்தட்ட ஒரே ஆயில், ஆனால் ஒன்று 30, மற்றது 40. கிரேடு என்பது ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் உங்கள் ஆயில் எங்கே நிற்கிறது என்பதை அதன் டேட்டா ஷீட் சொல்லும். கேன் சொல்லாது.

இப்போது சூட்டை உள்ளே கொண்டுவருவோம். 100 டிகிரியில் 10.5 சென்டிஸ்டோக்ஸ் உள்ள ஒரு வழக்கமான 30 கிரேடு ஆயிலை எடுத்து, வெப்பநிலைக்கான வழக்கமான சூத்திரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 120 டிகிரியில் அது ஏறக்குறைய 7 ஆகிறது. 130-ல் 6. அதாவது டிராக்கில் உங்கள் பேரிங்குக்குப் போவது பெயருக்கு 30, உண்மையில் 20, அல்லது அதற்கும் கீழே. 14 சென்டிஸ்டோக்ஸ் உள்ள ஒரு 40 கிரேடு ஆயில் 120 டிகிரியில் 9.4-க்கு இறங்கி, 30-ன் அடிப்படியில் வந்து நிற்கிறது. 18 உள்ள ஒரு 50 கிரேடு ஆயில் 130 டிகிரியில் 10-ஐ ஒட்டி வருகிறது. சாலையில் 100 டிகிரியில் ஓடும் 30 கிரேடும், டிராக்கில் 130 டிகிரியில் ஓடும் 50 கிரேடும் பேரிங்கின் கண்ணுக்கு ஒன்றுதான். 20 டிகிரி கூடினால் ஒரு கிரேடு கீழே இறங்குகிறது, சில ஆயில்களில் அதற்கும் மேலே. இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் ‘நீர்த்த ஆயிலா, கெட்டி ஆயிலா’ என்ற முடிவில்லாத சண்டையில் பாதி கரைந்துவிடும். இரண்டு தரப்பும் வேறு வேறு வெப்பநிலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இதே கணக்கின் மறுபக்கமும் முக்கியம். காலையில் 30 டிகிரியில் நிற்கும் காரை எடுக்கும்போது அந்த 30 கிரேடு ஆயில் 100 சென்டிஸ்டோக்ஸை ஒட்டியிருக்கும். 50 கிரேடு 200 ஆக இருக்கும். நமக்குக் குளிராகவே தோன்றாத சென்னைக் காலைப் பொழுதில்கூட எல்லா ஆயிலும் இன்ஜினுக்கு வேண்டியதைப் போலப் பத்து மடங்கு கெட்டி. கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைத்து மிதிக்கக் கூடாது. ஆயில் சூடேற கூலன்ட்டை விட அதிக நேரம் ஆகும். பிஎம்டபிள்யூ இதற்கு ஓர் அழகான வழி வைத்தது. 2000-களின் தொடக்கத்தில் வந்த இ46 தலைமுறை எம்3 காரின் ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றிச் சிறு விளக்குகள் இருக்கும். ஆயில் குளிர்ந்திருக்கும்போது தாழ்ந்த ஆர்பிஎம்மிலிருந்தே எச்சரிக்கையாக எரிந்து, ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். ரெட்லைன் என்பது ஆயிலின் வெப்பத்தைப் பொறுத்தது என்பதை ஓட்டுநருக்கு இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்த கருவியை நான் பார்த்ததில்லை.

சரி, இந்தப் பாகுத்தன்மை பேரிங்குக்குள் என்னதான் செய்கிறது?

1883-ல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் பெட்டி அச்சின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் மேல் பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக அந்தத் துளை வழியே வெளியே பொங்கி வந்தது. அடைப்பு வைத்து மூடினார். அடைப்பையும் தள்ளிக்கொண்டு வந்தது. பிறகு அங்கே அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமையை விட அதிக அழுத்தம் காட்டியது. சுற்றும் அச்சு ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், குறுகிய இடைவெளிக்குள் ஆப்பு மாதிரி செருகி, அந்த அழுத்தத்தில் தானே மிதக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886-ல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். இன்றைய சூப்பர் கார் வரை பேரிங் வடிவமைப்பு அந்தச் சமன்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள். ஒன்று, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது ஆயில் பம்பின் அழுத்தம் இல்லை. பம்பின் வேலை ஆயிலை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. தாங்கும் அழுத்தத்தைச் சுழற்சியே உண்டாக்கிக்கொள்கிறது. இரண்டு, அந்த ஆப்பின் பலம் பாகுத்தன்மை, வேகம், சுமை மூன்றையும் சேர்த்தது. பாகுத்தன்மையும் வேகமும் கூடினால் ஆயில் படலம் தடிக்கும். சுமை கூடினால் மெலியும். ஆகவே பேரிங்குக்கு மோசமான நேரம் உயர் ஆர்பிஎம் மட்டும் இல்லை. குறைந்த ஆர்பிஎம்மில் மேல் கியரில் டர்போவை முழுதாக மிதிப்பதும் அதே அளவு கொடுமை. வேகம் இல்லை, சுமை உச்சத்தில்.

1902-ல் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் வரைந்துகாட்டிய வளைகோடு மீதியைச் சொல்கிறது. ஆயில் தேவையை விட மெலிந்தால் உலோகம் உலோகத்தை உரசுகிறது, உராய்வு குத்தென ஏறுகிறது. தேவையை விடக் கெட்டியானால் உரசல் இல்லை, ஆனால் ஆயிலே ஆயிலை இழுத்துப்பிடிக்கிறது, உராய்வு மெதுவாக ஏறுகிறது. நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குச் சற்றே கெட்டிப் பக்கமாக நிற்பதுதான் நாம் தேடும் இடம். அதற்கு மேலும் கெட்டியாக்கினால் அந்த இழுவை முழுதும் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டில் ஆயில் இளகிவிடுகிறது. 60 கிரேடு ஊற்றினால் கிடைக்கும் என்று நினைத்த தடிமனில் ஒரு பங்கை ஆயிலே இப்படிச் செலவழித்துவிடும்.

ஆயில் பிரஷர் மீட்டரை நம்பி முடிவெடுப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். கெட்டி ஆயில் ஊற்றியதும் முள் மேலே போகும். மனசுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் அழுத்தம் என்பது ஓட்டத்துக்குக் கிடைக்கும் எதிர்ப்பு. எதிர்ப்புக் கூடினால் முள் ஏறும், அதனால் பேரிங்குக்குப் போகும் ஆயில் கூடிவிடாது. பம்பின் ரிலீஃப் வால்வு திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறிவிட்டால், ஒரு பகுதி ஆயில் பேரிங்கைப் பார்க்காமலே திரும்பிப் போகிறது. பேரிங்கைக் குளிர்விப்பது அதன் வழியே ஓடும் ஆயில்தான், அந்த ஓட்டம் குறைவது நல்லதில்லை. அமெரிக்க ரேஸ் மெக்கானிக்குகள் ‘ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ’ என்று ஒரு பழைய கணக்கு வைத்திருப்பார்கள். சாதாரண பம்ப் உள்ள பழைய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின்களுக்கு அது பொருந்தும். தேவைக்கேற்ப அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் பம்ப் உள்ள இன்றைய இன்ஜினில் அதை அளவுகோலாக வைத்தால் வீண் பீதிதான் மிஞ்சும்.

இனி கேனில் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும் விட முக்கியமான ஓர் எண்ணுக்கு வருவோம். எச்டிஎச்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 150 டிகிரி சூட்டில், விநாடிக்குப் பத்து லட்சம் என்ற அசுர வெட்டு வேகத்தில், அதாவது ஓடும் பேரிங்கின் குறுகிய இடைவெளியில் இருப்பது போன்ற நெருக்கடியில், ஆயிலுக்கு எவ்வளவு கெட்டித்தனம் மிச்சம் இருக்கிறது என்பதே அந்த அளவு. இது ஏன் தனியாகத் தேவைப்படுகிறது? 5டபிள்யூ-40 மாதிரி இரட்டை எண் ஆயிலில், அடிப்படை எண்ணெய் மெலிந்ததாக இருக்கும். சூட்டில் அது ரொம்ப இளகிவிடாமல் இருக்க நீளமான பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். மெதுவாக வடியும் ஆயிலில் அந்தப் பாலிமர்கள் பந்து பந்தாக விரிந்து தடுத்து நிற்கும். பேரிங்கின் நெருக்கடியில் அவை ஓட்டத்தின் திசையில் நீண்டு படுத்துக்கொள்ளும். அங்கே அவற்றால் கிடைத்த கெட்டித்தனம் தற்காலிகமாகக் காணாமல் போகும். நாளடைவில் பாலிமர்கள் அறுந்தும் போகும், அப்போது இழப்பு நிரந்தரம். இரண்டு எண்களுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாலிமர் தேவைப்படும், அல்லது அவ்வளவு உயர்ந்த அடிப்படை எண்ணெய் தேவைப்படும். உறைபனி இல்லாத நம் ஊரில் டிராக் ஓட்டுபவர்கள் அதே தரத்தில் 0டபிள்யூ-40-க்குப் பதில் 10டபிள்யூ-40-ஐ யோசிக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். மேனுவல் அனுமதித்தால் மட்டும்.

ஜே300 கேட்கும் குறைந்தபட்ச எச்டிஎச்எஸ் (மில்லிபாஸ்கல்-விநாடி என்ற அலகில்) 20 கிரேடுக்கு 2.6, 30-க்கு 2.9, 0டபிள்யூ முதல் 10டபிள்யூ வரையான 40-க்கு 3.5, 50-க்கும் 60-க்கும் 3.7. ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏ நீண்ட காலமாக 3.5 என்ற கோட்டை நடுவில் போட்டு வைத்திருக்கிறது. அதன் ஏ3/பி4, சி3 வகைகள் 3.5-க்குக் குறையக் கூடாது. ஏ5/பி5 வகை 2.9-க்கும் 3.5-க்கும் இடையில். இதன் விளைவைப் பாருங்கள். கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு 5டபிள்யூ-30 கேன்களில் ஒன்று சி3, மற்றது ஏ5/பி5 என்றால், பேரிங்குக்குள் முதலாவது இருபது சதவீதம் வரை கெட்டியாக இருக்க முடியும். முன்பக்கப் பெரிய எழுத்து ஒன்றுதான், பின்பக்கச் சின்ன எழுத்தில்தான் வித்தியாசம். போர்ஷே ஏ40, மெர்சிடிஸ் 229.5, ஃபோக்ஸ்வாகன் 502 00, பிஎம்டபிள்யூ எல்எல்-01 என்று பின்னால் பொடியாக அச்சிட்டிருக்கும் ஒப்புதல்கள் எல்லாமே அந்த 3.5-க்கு மேல் இருக்கும் ஆயில்களுக்குத் தரப்படுபவை. வேகக் காருக்கு ஆயில் வாங்கும்போது நான் முதலில் கேனைத் திருப்பிப் பார்ப்பேன்.

இவ்வளவும் கோட்பாடு. தயாரிப்பாளர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும், சில இடங்களில் குழப்பவும் செய்யும்.

ஒரே காலத்து இரண்டு புகழ்பெற்ற இன்ஜின்களை எடுத்துக்கொள்வோம். ஹோண்டா எஸ்2000-ன் முதல் 2 லிட்டர் இன்ஜின் 9,000 ஆர்பிஎம் வரை சுற்றும். பிஸ்டன் ஓட்டம் 84 மில்லிமீட்டர். உச்சத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டர். பிஎம்டபிள்யூ எம்3-ன் எஸ்54 இன்ஜின் 3.2 லிட்டர், 91 மில்லிமீட்டர் ஓட்டம், 8,000 ஆர்பிஎம், பிஸ்டன் வேகம் விநாடிக்கு 24 மீட்டர் சொச்சம். இரண்டும் ஏறக்குறைய ஒரே விளிம்பில் வாழ்பவை. ஹோண்டா சொன்ன ஆயில் 10டபிள்யூ-30. பிஎம்டபிள்யூ சொன்னது 10டபிள்யூ-60. ஆர்பிஎம்தான் ஆயிலைத் தீர்மானிக்கிறது என்றால் இது நடக்கவே முடியாது. பேரிங்கின் அகலம், இடைவெளி, பம்பின் கொள்ளளவு, ஆயில் எவ்வளவு சூடேறும் என்ற எதிர்பார்ப்பு எல்லாம் வேறு வேறு. ஆயில் கிரேடு என்பது அந்த மொத்த வடிவமைப்பில் ஒரு பகுதி. எஸ்2000-ல் எம்3-ன் ஆயிலை ஊற்றினால் எஸ்2000 எம்3 ஆகிவிடாது.

எஸ்54-ன் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 2001 முதல் 2003 வரையான எம்3-களில் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு) பேரிங் போய்விடும் தொல்லை வந்து, பிஎம்டபிள்யூவே கார்களைத் திரும்ப அழைத்து பேரிங்குகளை மாற்றிக்கொடுத்தது. அடுத்து வந்த 8,400 ஆர்பிஎம் வி8 எம்3-லும் அதே 10டபிள்யூ-60, அதே ராட் பேரிங் கவலை. குற்றவாளி கெட்டி ஆயிலா, குறுகிய இடைவெளியா என்று அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். சந்தையில் இருக்கும் மிகக் கெட்டியான சாலை ஆயில் உள்ளே இருந்தும் பேரிங்குகள் தேய்ந்தன என்பது மட்டும் உண்மை. டர்போவோடு வந்த அடுத்த எம்3-க்கு பிஎம்டபிள்யூ 10டபிள்யூ-60-ஐக் கேட்கவே இல்லை.

எதிர்த்திசையிலும் சான்று இருக்கிறது. 2000-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் ஃபோர்டும் ஹோண்டாவும் பல கார்களுக்கு 5டபிள்யூ-20-ஐக் கொண்டுவந்தன. அரசின் எரிபொருள் சிக்கன விதிகள் அதற்குப் பின்னால் இருந்த பெரிய அழுத்தம். ஒரு சதவீதத்தை ஒட்டிய சேமிப்பு ஒரு காரில் தெரியாது, லட்சக்கணக்கான கார்களில் தெரியும். 2011 மாடல் மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் வி8-க்கும் 5டபிள்யூ-20தான் சொன்னார்கள். ஆனால் அதே இன்ஜினை அடிப்படையாக வைத்து 2012-ல் டிராக்குக்காக பாஸ் 302 என்ற மஸ்டாங்கைச் செய்தபோது, ரெட்லைனை 7,500-க்கு உயர்த்திய ஃபோர்டு, ஆயிலை 5டபிள்யூ-50 ஆக்கியது. முதல் எண் மாறவில்லை. இரண்டாம் எண் ஒரே தாவலில் 20-லிருந்து 50.

ஜெனரல் மோட்டார்ஸின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் வழி எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் அவர்கள் விஷயத்தை ஒளிக்காமல் மேனுவலிலேயே எழுதினார்கள்: சாலைக்கு 5டபிள்யூ-30, டிராக் நாளுக்கு 15டபிள்யூ-50, முடிந்ததும் மறுபடி 5டபிள்யூ-30. ஒரே இன்ஜின், இரண்டு வெப்பநிலை, இரண்டு ஆயில். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், அதையேதான் அவர்கள் செய்கிறார்கள். ஒவ்வொரு டிராக் நாளுக்கும் இரண்டு முறை ஆயில் மாற்றுவது தொல்லை என்பதால் 2019 மாடலில் இரண்டுக்கும் பொதுவாக 0டபிள்யூ-40-க்கு மாறினார்கள். சாலையிலும் டிராக்கிலும் ஒரே காரை ஓட்டுபவருக்கு இன்று என்னைக் கேட்டால் நானும் 3.5-க்கு மேல் எச்டிஎச்எஸ் உள்ள ஒரு நல்ல 40-ஐத்தான் முதலில் காட்டுவேன்.

அண்மையில் இதே ஜெனரல் மோட்டார்ஸில் நடந்த இன்னொன்றைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். 2025 ஏப்ரலில், 2021 முதல் 2024 வரையான பெரிய பிக்கப்புகளிலும் எஸ்யூவிகளிலும் உள்ள 6.2 லிட்டர் வி8-க்காக அமெரிக்காவில் மட்டும் ஆறு லட்சத்தை ஒட்டிய வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். சோதனையில் தேறாதவற்றுக்குப் பழுதுநீக்கம், தேவைப்பட்டால் புது இன்ஜின். தேறியவற்றுக்கு 0டபிள்யூ-20-ஐ வடித்துவிட்டு 0டபிள்யூ-40, கூடவே புது ஃபில்டர், புது ஆயில் மூடி. “பார்த்தீர்களா, 20 ஆயில்தான் இன்ஜினைக் கொன்றது” என்று உடனே எழுதினார்கள். அறிவிப்பில் சொன்ன காரணம் கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் தயாரிப்பில் இருந்த குறைகள். கெட்டி ஆயில் அந்தக் குறையைச் சரிசெய்யாது, படலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தடிமன் கொடுக்கும். நான் இதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: எல்லாம் சரியாக இருக்கும் இன்ஜினுக்கு 20 போதும், ஏதாவது ஒன்று சரியில்லாமல் போனால் தாங்குவதற்கு 20-ல் இடம் குறைவு. காரை ரெட்லைனில் வாட்டுபவர் அந்த இடத்தைத் தானே தின்றுகொண்டிருக்கிறார்.

இந்தியச் சாலைகளில் இன்று அதிகம் ஓடும் வேகக் கார்கள், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டர்போ பெட்ரோல் கார்கள். அவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. சிலிண்டர் சுவரில் படும் பெட்ரோலில் கொஞ்சம் கசிந்து ஆயிலில் கலக்கும். தினம் மூன்று கிலோமீட்டர் போய்வரும் காரில் ஆயில் அதை ஆவியாக்கும் அளவுக்குச் சூடேறாது. சில ஆயிரம் கிலோமீட்டரில் உங்கள் 30, 20-ஆகக் கிடக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் இருக்கிறது, அல்லது கூடியிருக்கிறது என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம், முகர்ந்து பாருங்கள். இப்படி ஓட்டுபவர் கிரேடை ஏற்றுவதை விட ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குவது பலன் தரும். அப்புறம், இந்த இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிகச் சுமையில் கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கும் ஒரு கோளாறு இருக்கிறது. ஆயிலில் உள்ள கால்சியம் வேதிப்பொருள்கள் அதைத் தூண்டுகின்றன என்று தெரிந்த பிறகுதான் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐயின் தரங்களான எஸ்என் பிளஸ் 2018-லும், எஸ்பி 2020-லும் வந்தன. டர்போ காருக்கு எஸ்பியோ அதற்கு அடுத்து வந்த தரமோ இல்லாத ஆயிலை, அது எவ்வளவு பெயர்பெற்ற ரேஸ் ஆயிலாக இருந்தாலும், நான் ஊற்றமாட்டேன்.

தேர்வு செய்யும் முறைக்கு வருகிறேன். மேனுவலில் இருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் இன்ஜினே வேறு நாட்டில் விற்கப்பட்டால் அந்த நாட்டு மேனுவலையும் தேடிப் பாருங்கள். சிக்கன விதி கடுமையான சந்தையில் ஒரே ஒரு கிரேடும், வேறு சந்தையில் வெப்பநிலை வாரியாக மூன்று நான்கு கிரேடுகளும் சொல்லியிருப்பார்கள். தயாரிப்பாளரே தாங்கும் என்று ஒப்புக்கொண்ட எல்லை அதுதான். அதற்குள் நகர்வதில் பயமில்லை. வாரண்டி உள்ள காரில் இங்கே உள்ள மேனுவலின் ஒப்புதல் எண்ணை விட்டு நகராதீர்கள்.

அடுத்தது ஆயில் வெப்பத்தை அளப்பது. பல கார்களில் திரையிலேயே காட்டும், இல்லாவிட்டால் காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் ஓபிடி கருவி ஒன்று பல கார்களில் காட்டிவிடும். சில கார்களில் அந்த எண் கணித்துச் சொல்வது, அளந்ததில்லை, அதனால் டிராக் ஓட்டுபவர் ஒரு சென்சார் போட்டுக்கொள்வது நல்லது. கடுமையாக ஓட்டியும் 110-ஐத் தாண்டவில்லை என்றால் மேனுவல் சொல்வதே போதும், கெட்டியாக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. 120-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் ஒரு கிரேடு மேலே. 130-ஐத் தாண்டினால் ஆயிலை மாற்றும் யோசனையை நிறுத்திவிட்டு ஆயில் கூலரைப் பற்றி யோசியுங்கள். 140 டிகிரி ஆயிலை 120-க்கு இறக்கினால் கிடைக்கும் தடிமன், கிரேடை ஒரு படி ஏற்றிக் கிடைப்பதற்குக் குறையாது. ஆயிலும் சீக்கிரம் கெடாது.

இன்ஜினைப் பிரித்துக் கட்டியவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சொல். பேரிங் இடைவெளி எவ்வளவு வைத்தார்கள் என்று கட்டியவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுற்றும் ஷாஃப்ட் பகுதிக்கு) 0.05 மில்லிமீட்டர் என்பது பழைய வழக்கு. ரேஸுக்காக அதைத் தாண்டித் தளர்த்தியிருந்தால் 50 கிரேடு கேட்கும். தொழிற்சாலை இறுக்கத்திலேயே இருந்தால் கேட்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘ரேஸ் இன்ஜின்’ என்ற பெயருக்காக 60 ஊற்றிய கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, தேர்வு சரியா என்பதை ஆயிலிடமே கேட்கலாம். மாற்றும்போது நடுவில் வடியும் ஆயிலில் கொஞ்சம் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், 100 டிகிரியில் அதன் பாகுத்தன்மை இன்னும் தன் பட்டைக்குள் இருக்கிறதா, பெட்ரோல் எவ்வளவு கலந்திருக்கிறது, என்னென்ன உலோகம் தேய்ந்து வந்திருக்கிறது என்று அறிக்கை வரும். 40 ஊற்றி எடுத்தது 30-ஆக வந்திருந்தால் பாலிமர் அறுந்திருக்கிறது, அல்லது பெட்ரோல் கலந்திருக்கிறது. எது என்பதை அதே அறிக்கையின் அடுத்த வரி சொல்லிவிடும். உலோக வரிகளைப் படிக்கும்போது மட்டும் உங்கள் இன்ஜினின் பேரிங் எதனால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். எம்3 வி8-ன் முந்தைய ராட் பேரிங்குகள் ஈயமும் தாமிரமும் கலந்தவை, தேய்ந்தால் ஈயம் ஏறும். பிந்தைய பேரிங்குகள் ஈயம் இல்லாத தகரம், அலுமினியக் கலவை. அந்தக் காரின் அறிக்கையில் ஈயம் பூஜ்யம் என்று வந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை, தகரமும் அலுமினியமும் ஒவ்வொரு முறையும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.